பைன் மரங்கள் நின்ற காணி

எப்சம்
6 ஜனவரி 2024

அன்புள்ள தம்பி யசீகரனுக்கு,

உன் எண்ணை அழுத்தினால் மணி அடிக்காமலே அறுந்துபோகிறது. நீ என்னை அடைத்துவிட்டாய் என்று விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. உன் மனுசி நிசாந்தினியும் எடுக்கிறாள் இல்லை. கூடப்பிறந்தவனுக்கு, அதுவும் இதே ஊரில் இருக்கிறவனுக்கு, முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை.

கவுன்சிலில் முறைப்பாடு செய்தது நான்தான். நீ ஏற்கெனவே அறிந்திருந்தாலும், என் வாயாலும் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

வருடக் கடைசியில் ஹுனுவாக் காட்டுப்பக்கம் நடக்கப் போயிருந்தேன். திரும்பும் வழியில், நீ வீடுகள் கட்ட வாங்கிய நம் காணியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று காரைத் திருப்பினேன். கேட் திறந்து கிடந்தது. உள்ளே போனால் வெளிச்சம் பிழையாக இருந்தது. எங்கிருந்து இவ்வளவு வெயில் வருகிறது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். ஓடைக்கரையில் நின்ற பெரிய பைன் மரங்கள் விழுந்து கிடந்தன. எல்லாம் இல்லை. வீடு கட்டவிடாமல் மறித்து நின்றவை மட்டும். கடைசி வரிசையை யாரும் தொடவில்லை. அதைப் பார்த்ததும் இது காற்றின் வேலை இல்லை என்று தெரிந்துவிட்டது.

ஒரு மரம் பழைய பொந்து இருந்த இடத்தில் பிளந்திருந்தது. அதற்குள்ளும் கீழே புல்லிலும் வௌவால்கள். யசீ, என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத உடம்பு ஒவ்வொன்றுக்கும். தாய்கள், இன்னும் மயிர் முளைக்காத குட்டிகள். குட்டி போடுகிற காலத்தில் எல்லாத் தாய்களும் ஒரே பொந்தில் கூடியிருக்கும் என்று உன் சமையலறையில் உட்கார்ந்து உனக்கு நான் சொல்லியிருக்கிறேன். ஒரு தாய் மட்டும் உயிரோடிருந்தது. செட்டை முறிந்திருந்தது, குட்டி அதன் வயிற்றைக் கவ்விக்கொண்டு கிடந்தது. என் தொப்பியில் வைத்து மிருக வைத்தியரிடம் ஓடினேன். அந்தப் பெண் தொப்பியை விரித்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் முதலில் உட்காரச் சொன்னாள்.

காணியை வாங்கமுதலே நான் சொன்னேன், அங்கே வௌவால் இருக்கிறது என்று. பிறகு மரங்களில் ஒலிப்பதிவுப் பெட்டி கட்டி வௌவால் சத்தத்தைப் பிடித்துவிட்டு, அனுமதி தரும்போது நகரக் கவுன்சிலும் அதையே சொன்னது. கட்டி முடிந்த பிறகு அந்த இடத்து உயிர்களுக்கு முன்பு இருந்ததைவிட நல்ல நிலை இருக்க வேண்டும்; மரங்கள் நிற்க வேண்டும்; கரை முழுக்க நாட்டு மரம் நட வேண்டும். ஆறு வீடு நாலாகக் குறைந்தது. எனக்கென்று கீறியிருந்த வீடு வரைபடத்திலிருந்து போனது. போகட்டும் என்று அப்போதே சொன்னேன். நீயும் கையெழுத்துப் போட்டாய். பிறகு எல்லோரும் விடுமுறையில் இருக்கிற கிழமையாகப் பார்த்து மரத்தை வெட்டச் சொல்லிவிட்டு, நீ குடும்பத்தோடு இரண்டு மணி நேரம் கார் ஓடிக் கொரமண்டல் கடற்கரைக்குப் போய்விட்டாய். உன் மகள் பிரணவி மண்ணில் கோட்டை கட்டுகிற படம் எனக்கு வந்த அதே நாளில்தான் நான் அந்த மரத்தடியில் நின்றேன்.

காட்டுயிர்களைக் கணக்கெடுத்துக் காப்பது என் தொழில். தெரியாத ஒருவர் செய்திருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். தம்பி என்பதற்காகச் சொல்லாமல் விட எனக்கு முடியவில்லை.

அக்கா,
வித்தியா


பாட்டனி டவுன்ஸ்
21 ஜனவரி 2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கத்தான் எடுத்தேன். நிசா பறித்து வைத்திருந்து இன்றைக்குத்தான் தந்தாள்.

கொரமண்டலில் இருந்து வந்து இறங்கும்போது பிள்ளையின் காலில் இன்னும் கடல் மண் இருந்தது. வாசலில் இரண்டு அதிகாரிகள். கூடாரத்தை இறக்கி வைக்கக்கூட நேரமில்லை. முன்வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் காட்டிய படங்களில் ஒன்றில் உங்கள் தொப்பி இருந்தது. நான் உங்கள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த தொப்பி. அப்படித்தான் ஆள் யார் என்று அறிந்தேன், உங்கள் கடிதத்தால் இல்லை.

வேலை முழுவதும் நிறுத்தம். காணிக்குள் ஒரு மண்வெட்டியைக்கூடக் கொண்டுபோகக் கூடாது என்று கட்டளை. வங்கியில் இருந்து அழைப்பு வராத நாள் இல்லை. வீடு எடுக்கப் பதிந்திருந்த இரண்டு குடும்பமும் விலகிவிட்டன. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இந்தச் சட்டம் எப்படிக் கடிக்கும் என்று என்னைவிட நீங்கள்தானே படித்தவர்.

நான் கேட்பது ஒன்றுதான். எனக்கு ஏன் முதலில் சொல்லவில்லை? ஒரு தொலைபேசி அழைப்பு. “யசீ, இங்கே மரம் விழுந்து கிடக்கு, என்னடா இது?” என்று ஒரு வசனம். நாங்கள் அங்கே மீன் பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், போன் என் பக்கத்தில்தான் கிடந்தது. நீங்கள் கேட்கவில்லை. வெட்டினது யார் என்றுகூடக் கேட்கவில்லை. நேரே தீர்ப்பு.

நீங்கள் அந்தப் பிராணிகளுக்காக அழுதிருப்பீர்கள், எனக்குத் தெரியும். எங்களுக்காக ஒருமுறை அழுதீர்களா?

அப்பா சரியாகச் சாப்பிடுகிறார் இல்லை. உங்கள் பெயர் வந்தால் எழுந்து தன் அறைக்குப் போய்விடுகிறார்.

இனி எழுத வேண்டாம்.

யசீகரன்


எப்சம்
3 மார்ச் 2024

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஆனால் உன் கடிதத்தில் ஒரு வசனம் என்னை விடவில்லை. வெட்டினது யார் என்று நான் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். வெட்டியவனாக இருந்தால் நீ அப்படி எழுதமாட்டாய். சின்ன வயதில் கண்ணாடி உடைத்தாலும் “ஓம் நான்தான், இப்ப என்ன” என்று நெஞ்சை நிமிர்த்துகிறவன் நீ.

அதனால் இப்போது கேட்கிறேன். பிந்தித்தான் கேட்கிறேன். வெட்டினது யார்?

வழக்குக்கு என்னைச் சாட்சியாக அழைப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தில் தெற்குப்பக்க வேலைகளில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். குற்றம் சொல்லி இல்லை. சொந்தக்காரர் வழக்கு நடக்கிறபோது ஒதுங்கி இருப்பது நல்லது என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நாள் முழுக்க மற்றவர்கள் எடுத்த பறவைக் குரல்களைத் தரம் பிரிக்கிறேன்.

போன வெள்ளி கோயிலுக்குப் போனேன். அன்னம் மாமி விபூதித் தட்டை எனக்கு நீட்டாமல் அடுத்த ஆளிடம் கொண்டுபோனா. பிறகு செருப்புப் போடுகிற இடத்தில் கேட்கும்படியாகச் சொன்னா: “வௌவாலுக்காகத் தம்பியை மறியலுக்கு அனுப்புற பிள்ளையை நான் இப்பத்தான் பார்க்கிறன்.” செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். காரில் வந்து ஏறினபிறகு, மறியல் என்ற சொல் மட்டும் காதுக்குள் நின்றது. உன்னைச் சிறைக்கு அனுப்பிவிடுவார்களா யசீ? உன் சட்டத்தரணி என்ன சொல்கிறார்?

எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

அக்கா


பாட்டனி டவுன்ஸ்
17 மார்ச் 2024

அக்கா,

கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் படித்து முடிக்கும்வரை காரை எடுத்துக்கொண்டு இங்கே வரவேண்டாம்.

அந்த இரண்டு அதிகாரிகளும் போனபிறகு நான் உள்ளே போனேன். அப்பா சமையலறை மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார், “போயிட்டாங்களோ?”

“ஆரப்பா வெட்டினது?”

“நான்தான் வெட்டுவிச்சனான். கோயில்ல பழக்கமான ரெண்டு பெடியள். தங்கட லீவு நாளில வந்து வெட்டித் தந்தாங்கள்.”

மேசைக்கு எதிரே உட்கார்ந்தேன். ஏனப்பா என்று மட்டும் கேட்டேன்.

“மரம் நிண்டால்தானே அந்தச் சட்டம். மரம் இல்லையெண்டா என்னத்தைக் காப்பாத்துறது? நீ போய் அந்தப் படம் கீறுறவனிட்டச் சொல்லு, கொக்காவின்ர வீட்டைத் திரும்பக் கீறச் சொல்லி.”

அப்படித்தான் சொன்னார். உங்கள் வீட்டைத் திரும்பக் கீறச் சொல்லி. கொரமண்டலுக்கு வரச்சொல்லிக் கேட்டபோது முழங்கால் நோகிறது என்றாரே, அது இதற்குத்தான். உங்களைப் புதுவருடத்தன்று கூட்டிக்கொண்டு போய்க் காட்ட இருந்தாராம். நீங்கள் முந்திவிட்டீர்கள்.

முறைப்பாடு செய்தது நீங்கள் என்று நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். கேட்டபிறகு முறித்த பயற்றங்காயையும் முறிக்காததையும் ஒன்றாகக் குப்பையில் கொட்டினார்.

சட்டத்தரணி என்ன சொல்கிறார் என்று கேட்டீர்கள். அனுமதி என் பெயரில், நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டது நான். யார் வெட்டினாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான். ஆனால் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று காட்டினால் தண்டனை நன்றாகக் குறையும் என்கிறார். அதற்கு அப்பாவைக் காட்ட வேண்டும். எழுபத்தெட்டு வயதில் அவரை ஒரு அறைக்குள் இருத்தி, ஒலிப்பதிவு போட்டு, யார் என்ன என்று கேட்பார்கள். அவர் முன்பும் ஒருமுறை அப்படி ஒரு அறையில் இருந்தவர். எந்த நாட்டில், யாருடைய அறையில் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இது வேறு நாடு, இங்கே அடிக்கமாட்டார்கள், எல்லாம் தெரியும். ஆனாலும் நான் விடமாட்டேன்.

ஆகவே குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். வெட்டச் சொன்னது நான். நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் தெரிந்ததாகக் காட்ட வேண்டாம்.

இதைப் படித்தபிறகு நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை நினைக்காதீர்கள். அது அப்பா என்று உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

யசீ


எப்சம்
28 ஏப்ரல் 2024

யசீ,

நீ வரவேண்டாம் என்றாய். வீட்டுக்கு வரவில்லை. பாட்டனி கடைத்தொகுதியில், நூலகத்துக்குப் போகிற வழியில் உள்ள வாங்குப்பலகையில் அப்பா காலையில் உட்காருவார் என்று பிரணவி முன்பொருமுறை சொல்லியிருந்தாள். அங்கே போனேன்.

என்னைக் கண்டு எழும்பவில்லை. நகர்ந்து இடம் விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அப்பா, எனக்கு வீடு வேணுமெண்டு நான் எப்பவாவது கேட்டனானே?”

“நீ கேக்கமாட்டாய். கொம்மாவும் கேக்கேல்லை.”

அவ்வளவுதான் சொன்னார். சண்ட்ரிங்கமில் நாங்கள் இருந்த அந்த வாடகை வீடு எனக்கு நினைவுக்கு வந்தது. அம்மா படுத்திருந்த அறையில் சுவர் முழுக்கப் பூஞ்சணம். நான் துடைக்கத் துடைக்க அது வரும். வீட்டுக்காரனிடம் சொல்ல அம்மா விடமாட்டா, எழும்பச் சொல்லிவிடுவான் என்று பயம். அந்த அறையிலேயே கண்ணை மூடினா. அப்பா அதை மறக்கவில்லை. நான் தனிய, வாடகைக்கு, ஒரு அறையில் இருக்கிறேன். அவர் கண்ணுக்கு அது அம்மாவின் அறையாகத்தான் தெரிந்திருக்கிறது.

பிறகு தானாகக் கதைத்தார். “எங்கட வீட்டை ஆமி புல்டோசர் போட்டுத் தள்ளேக்க, உள்ளுக்கு என்ன உயிர் வாழுதெண்டு ஒருத்தனாவது கேட்டவனே? பெட்டி வைச்சுச் சத்தம் பிடிச்சுப் பாத்தவையே? இஞ்ச வௌவாலுக்குச் சட்டம் இருக்கு. இருக்கட்டும். எனக்கு அதைப் பாக்கேக்க வயிறு எரிஞ்சுது பிள்ளை.”

“அதுக்கு அந்த வௌவால் என்ன செய்தது அப்பா?”

“ஒண்டும் செய்யேல்லை.” என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார், “நாங்களும் ஒண்டும் செய்யேல்லை.”

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தப் பிளந்த மரத்தைப் பற்றிச் சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், தொப்பிக்குள் அந்தத் தாய் எப்படி மூச்சு எடுத்தது என்பதுவரை. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

“குட்டியளும் இருந்ததோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“எனக்குத் தெரியாது. பகல்ல பறந்து போயிடுமெண்டு நினைச்சன். வாள் சத்தத்துக்குக் கலைஞ்சு போயிடுமெண்டுதான் நினைச்சன்.”

எழும்பிப் போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை.

தம்பி, நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நானாகப் போய் அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டேன். ஆனால் கூண்டில் ஏற்றி நேரே கேட்டால் பொய் சொல்லமாட்டேன். உன்னைப் பற்றி நினைத்த ஒரு பிழையான நினைப்போடு இத்தனை மாதம் இருந்துவிட்டேன், இன்னொரு பிழையை உன் தலையில் வைக்க என்னால் ஏலாது.

அக்கா


பாட்டனி டவுன்ஸ்
12 அக்டோபர் 2024

அக்கா,

தீர்ப்பன்று நீதிமன்ற வாசலில் உங்களைத் தேடினேன். போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதமாக இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கி நிறுத்துகிறேன்.

நான் குற்றத்தை ஒப்புக்கொண்டபடியால் உங்களைக் கூண்டில் ஏற்றத் தேவையே வரவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தண்டனை சொல்கிற நாளில் நீங்கள் வந்து பின்வரிசையில் இருந்ததைக் கண்டேன். அப்பாவை வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிசாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

நீதிபதி வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர் எழும்பினார். இருபத்தைந்து வருடம் இந்த ஊரில் அலுவலகம் துப்பரவு செய்து, வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் கதைத்த மனிதன், அன்று ஒரு ஆங்கிலச் சொல்லும் வராமல் நின்றார். பிறகு தமிழில் சொன்னார். “வெட்டுவிச்சது நான். பெடியனுக்கு ஒண்டும் தெரியாது. என்னைக் கேளுங்கோ.” சத்தமாக, திருத்தமாகச் சொன்னார். முன்னால் இருந்த வாங்குப்பலகையை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தார்.

காவலர் கிட்ட வந்தார். நீதிபதி மறித்து, இந்தப் பெரியவர் என்ன சொல்கிறார், இங்கே யாருக்காவது விளங்குகிறதா என்று கேட்டார். நிசா தலை குனிந்துகொண்டாள். நான் உங்களைப் பார்த்தேன். எழும்பினீர்கள். என் உயிர் போனது, ஏனென்றால் நீங்கள் பொய் சொல்லமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள்.

“அவர் எங்கள் தகப்பன். நடந்ததற்காகக் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறார்” என்று நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். குரல்கூட நடுங்கவில்லை.

நீதிபதி அப்பாவைப் பார்த்துத் தலையசைத்து நன்றி சொன்னார். குடும்பத்தின் வருத்தத்தைக் கருத்தில் எடுக்கிறேன் என்றார். மறியல் இல்லை. அபராதம், சமூக வேலை, ஓடைக்கரை முழுவதையும் திரும்ப நட்டு வளர்க்க வேண்டும் என்ற கட்டளை. வீடு கட்டுகிற கம்பனியை மூடிவிட்டேன், வேறு வழியில்லை. அப்பா கேட்காத மன்னிப்புக்கும் எனக்குத் தண்டனை கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நீங்கள் பார்க்காதது காருக்குள் நடந்தது. கார் நெடுஞ்சாலைக்கு ஏறியதும் அப்பா கோட்டைக் கழற்றி மடியில் போட்டார். பிறகு சொன்னார், “சொரி எண்ட சொல் எனக்கு விளங்கும் தம்பி. நான் சொரி சொல்லேல்லை.”

“அக்கா உங்களைக் காப்பாத்தத்தான் அப்பா...”

“ஆர் கேட்டது? ஒருக்கா வாயைத் திறந்து நான் செய்ததை நான்தான் செய்தனான் எண்டு சொன்னன். அதையும் பிடுங்கிப் போட்டாள்.”

அதன்பிறகு அவர் உங்கள் பெயரைச் சொன்னதில்லை.

எனக்கு உங்களைக் கும்பிடுவதா கோபிப்பதா என்று தெரியவில்லை. நீங்கள் பொய் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றவன் நான். நீங்கள் சொன்னீர்கள். ஆனால் இரவு படுத்தால் ஒன்று வருகிறது. வௌவாலுக்காக உண்மை சொன்ன ஆள், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?

யசீ


எப்சம்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள யசீ,

உன் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எழும்பும்போது உண்மையைச் சொல்லத்தான் எழும்பினேன். அப்பாவின் கையைப் பார்த்தேன். வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது. நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அவரைக் காப்பாற்றினேன் என்றும் சொல்லமாட்டேன். அவர் கேட்டதை நான் கொடுக்கவில்லை.

வங்கி காணியை விற்றதும், நீங்கள் மனுரேவாவுக்கு வாடகைக்குப் போனதும் நிசாந்தினி சொல்லித் தெரியும். உனக்கு விரி தொழிற்பேட்டையில் லொறி ஓட்டுகிற வேலை கிடைத்ததையும் சொன்னாள். முதுகு கவனம்.

இன்றைக்கு எழுதுவது காணியைப் பற்றி. நீ வேறு வழியில் அறியமுதல் சொல்ல வேண்டும்.

வாங்கியவர்கள் பெரிய நிறுவனம். பக்கத்துக் காணிகளையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் முறைப்படி செய்தார்கள். போன கோடை முழுவதும் மிஞ்சி நின்ற மரங்களில் ஒலிப்பதிவுப் பெட்டி கட்டினார்கள். ஒரு வௌவாலின் சத்தமும் பதியவில்லை. பதிய என்ன இருக்கிறது? குட்டியோடு தாய்கள் கூடியிருந்த மரம் விழுந்துவிட்டது. தப்பியவை இருந்தாலும் அந்த இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே அறிக்கையில், இந்த இடத்தை வௌவால்கள் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். வௌவால் இல்லாவிட்டால் அந்த மரம் வெறும் பைன் மரம், இந்த நாட்டு மரம்கூட இல்லை. அதை வெட்டுவதற்கு ஈடாக, உனக்கு விதித்த கரை நடுகையையும் சேர்த்து, தொலைவில் வேறோர் இடத்தில் பல மடங்கு பரப்பில் நாட்டுச் செடி நடுகிறார்கள். கணக்கில் பார்த்தால் இயற்கைக்கு முன்பைவிட லாபம். சட்டம் கேட்டதும் அதுதான். அனுமதி கிடைத்துவிட்டது. எத்தனை வீடு என்று எழுத மனம் வரவில்லை. எங்களுடைய ஆறு வீடும் அதில் ஒரு மூலைக்குப் போதாது.

அந்த அறிக்கையைச் சரிபார்க்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. வழக்கு முடிந்துவிட்டது, இனித் தடையில்லை என்று என் மேசைக்கே வந்தது. வேண்டாம் என்று சொல்லி வேறொருவருக்குக் கொடுத்தேன். ஆனால் கொடுக்கமுதல் வாசித்தேன். பிழை பிடிக்க வேண்டும் என்றே வாசித்தேன். ஒரு பொய்யும் இல்லை யசீ. நான் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

வெட்டிய அன்று போய்த் தெருவில் நின்றேன். மரமேறுகிறவர்கள் ஒவ்வொரு பொந்துக்கும் கமரா விட்டுப் பார்த்து, கை காட்டி, பிறகுதான் வெட்டினார்கள். மிகவும் கவனமாக வெட்டினார்கள். ஒரு இளம் பெண் என்னிடம் வந்து, இங்கே நிற்பது ஆபத்து, கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று அன்பாகக் கேட்டாள். தள்ளி நின்றேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

அப்பாவுக்குச் சொல்லாதே. அவர் செய்தது குற்றம், இது குற்றமில்லை என்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு வார்த்தை இல்லை.

அக்கா


மனுரேவா
30 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

அப்பாவுக்குச் சொல்லவில்லை. அவரே பார்த்துவிட்டார்.

போன ஞாயிறு பிரணவிக்கு ட்ரூரிப் பக்கம் வலைப்பந்துப் போட்டி. அப்பாவும் வந்தார். திரும்பும்போது அந்தத் தெருவால் போகச் சொன்னார். வேண்டாம் அப்பா, சுற்று என்றேன். போ என்றார். அவர் குரலை உங்களுக்குத் தெரியும்.

மரம் ஒன்றும் இல்லை. ஓடைக்கு இரண்டு பக்கமும் கல் அடுக்கிச் சீராக்கி விட்டிருக்கிறார்கள். வீடுகள் கூரைவரை எழும்பிவிட்டன. அப்பா காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். எங்கள் காணி எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. இதுவா அதுவா என்று கையால் காட்டிக் காட்டிக் கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. எல்லா இடமும் ஒரே மட்டமாக இருந்தது.

புதிதாகப் போட்ட தெருவின் முனையில் பெயர்ப்பலகை. பெகாபெகா லேன். பிரணவி காருக்குள் இருந்தே வாசித்தாள். அது என்ன பேர் என்று அப்பா கேட்டார்.

“பாட், அப்பப்பா. மாவோரி பாஷையில. வௌவால்.”

“வௌவால் ஒழுங்கையோ?”

பிள்ளை சிரித்தாள். அவளுக்கு எல்லாம் தெரியாதுதானே. அப்பா சிரிக்கவில்லை. அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கிட்டப் போகலாமா வேண்டாமா என்று கதவைத் திறந்தபடி இருந்தேன்.

“இப்ப மிச்சத்தை வெட்டினது ஆர்?” என்று கேட்டார்.

“காணிக்காரர்தான் அப்பா. அனுமதி எடுத்து வெட்டியிருக்கினம்.”

“வௌவால் இல்லையெண்டு குடுத்தாங்களாக்கும்.”

அக்கா, நான் ஒரு சொல் சொல்லவில்லை. அவராகவே கண்டுபிடித்தார். நான் தலையாட்டினேன். அவர் அந்தக் கூரைகளைப் பார்த்தார். பிறகு, “அப்ப நான்தான் வெட்டிக் குடுத்திருக்கிறன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு ஆளின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவர், அடுத்த நாள் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது கதவடியில் வந்து நின்றார். நீதிமன்றத்தில் தான் அன்று சொன்னதை இங்கிலீசில் எப்படிச் சொல்வது என்று எழுதித் தரச் சொன்னார். எதற்கு என்றேன். அந்த நீதிபதிக்கு அனுப்ப வேண்டுமாம். வழக்கு முடிந்துவிட்டது அப்பா, இனி அனுப்பி ஒன்றும் மாறாது, என் பெயரில் இருக்கிறது இருக்கட்டும் என்றேன். மாறுதோ இல்லையோ அனுப்ப வேண்டும் என்கிறார். தன் கையால் பார்த்து எழுதிக் கையெழுத்து வைக்கப் போகிறாராம்.

நான் எழுதித் தருகிறேன் என்றேன். எனக்கும் ஆங்கிலம் தெரியும்தானே.

“நீ வேண்டாம். கொக்காவிட்டக் கேள். அவளுக்குத்தான் தெரியும், நான் என்ன சொன்னனான் எண்டு.”

ஒரு வருடத்துக்கு மேல் அவர் வாயில் உங்கள் பெயர் வரவில்லை. இப்போதும் பெயர் வரவில்லை, கொக்கா என்றுதான் சொன்னார்.

அவர் அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நிசா பயப்படுகிறாள். நானும்தான். உங்களையும் கேட்பார்கள், ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று. நீங்கள் முடியாது என்றால் நான் அவரிடம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். அது உங்கள் விருப்பம்.

எழுதுவதாக இருந்தால் தபாலில் போடாதீர்கள். நீங்களே கொண்டு வாருங்கள்.

தம்பி,
யசீகரன்